வாங்கும் முன்: பரணில் ரெக்கார்டு இருக்கு... எந்த ப்ளேயர் வாங்கலாம்?

'தம்பி, எங்க வீட்ல நாற்பது ரெக்கார்டு இருக்கு. பத்தாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ப்ளேயர் எது?'

தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னக்காயலிலிருந்து ஒரு வாசகி இப்படிக் கேட்டிருந்தார். கேள்வி சின்னதுதான். கூடவே எழுதியிருந்த நாலு வரிதான் இந்த வாரப் பகுதியை முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டது. அவருடைய அப்பாவுக்கு வயது 82. ஒரு காலத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். கல்யாண வீடு, சடங்கு வீடு, மாதா கோயில் திருவிழா, பக்கத்து ஊர் அம்மன் கொடை என்று எல்லா இடத்திலும் குழாய் கட்டி, ரெக்கார்டு போட்டவர். கேசட் வந்தபோது தொழில் மாறியது. செட்டை விற்றுவிட்டார். ரெக்கார்டுகளை மட்டும் விற்கவில்லை.

'செல்போன்ல அதே பாட்டைப் போட்டுக் குடுத்தாலும், இது எம்பாட்டு இல்லன்னு சொல்லுதாங்க. காது வேற கொஞ்சம் கொஞ்சமா மந்தமாகிட்டு வருது. கிறிஸ்துமஸுக்குள்ள அவங்க கையால ஒரு ரெக்கார்டு போட்டுக் கேக்கணும். அவ்வளவுதான்' என்று முடித்திருந்தார்.

பணமும் கொஞ்சம், நாளும் கொஞ்சம். இதில் தப்பான பொருளை வாங்கிவிடக் கூடாது. அதனால் அவரைப் போனில் அழைத்து, 'அக்கா, ப்ளேயரை அப்புறம் பாக்கலாம். முதல்ல ரெக்கார்டுகளை இறக்கி, மூணு கட்டா பிரிச்சு வைங்க' என்றேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மூன்று கட்டு

ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 78, 45, 33⅓ என்று மூன்றில் ஓர் எண் பெரும்பாலும் இருக்கும். ஒரு நிமிடத்தில் தட்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு அது. எண் அழிந்துபோயிருந்தால் கையில் எடுத்தே கண்டுபிடிக்கலாம்.

கனமாக, கறுப்பாக, தட்டினால் ஓட்டுச் சில்லு மாதிரி ஒலித்தால் அது 78. பெரும்பாலும் 10 அங்குல அகலம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும், அதாவது ஒரு பாட்டு. அரக்கு கலந்து செய்தது. கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும்.

கையகலத்தில் 7 அங்குலமாக இருப்பது இ.பி. பெரும்பாலும் 45 வேகம். நம் சினிமா இ.பி-க்கள் பலவற்றில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு இருக்கும். பெரிதாக, 12 அங்குலத்தில் லேசாக வளைந்து கொடுப்பது எல்.பி. 33⅓ வேகம். ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். கதை வசன ரெக்கார்டுகள் பல இந்த அளவில் வந்தவைதான். இ.பி-யும் எல்.பி-யும் வினைல் எனப்படும் பிளாஸ்டிக்கில் செய்தவை.

அக்கா மறுநாள் கணக்கு சொன்னார். 78 பதினான்கு, இ.பி பத்தொன்பது, எல்.பி ஏழு. ஆக நாற்பது.

வெளிநாட்டுப் பட்டியல் ஏன் உதவாது?

'குறைந்த விலையில் சிறந்த டர்ன்டேபிள்' என்று தேடினால் நூறு பட்டியல் வரும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்களுக்காக எழுதியவை அவை. அங்கே 1948-ல் எல்.பி வந்தது, 1949-ல் 45 வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் 78 கடையை விட்டே போய்விட்டது. அதனால் அந்தப் பட்டியல்களில் 78 பற்றி ஒரு வரிகூட இருக்காது.

நம் கதை வேறு. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்ததிலிருந்து இங்கே 78-ன் காலம் தொடங்கியது. 1908-ல் கல்கத்தாவில் தொழிற்சாலையே வந்துவிட்டது. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இறந்துபோனார். அவர் பாடியது இன்றைக்கும் நமக்குக் கேட்கிறதென்றால் அது 78-ன் உபயம். 1960-களிலும் இங்கே 78 அச்சானது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கின்றன. அப்படியென்றால், அம்மா அப்பா காலத்துத் தமிழ்ப் பாட்டு ரெக்கார்டு உங்கள் வீட்டில் இருந்தால் அது 78 ஆக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால், இன்று கடையில் நல்ல பெயர் வாங்கிய ஆரம்ப விலை ப்ளேயர்கள் பலவற்றில் 33⅓, 45 என்று இரண்டே வேகம்தான். பெட்டியைப் பிரித்த பிறகு அது தெரிந்து என்ன பயன்?

விஷயம் ஊசியில் இருக்கிறது

வேகம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 78-ன் பள்ளம் அகலமானது. எல்.பி-யின் பள்ளம் குறுகலானது. எல்.பி-க்கான ஊசிமுனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்கு ஏறக்குறைய 76 மைக்ரான் வேண்டும். நான்கு மடங்கு வித்தியாசம். எல்.பி ஊசியை 78-ல் வைத்தால், வாய்க்காலில் விழுந்த குச்சி மாதிரி அது அடியில் கிடந்து உரசும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். அதோடு போகாது. 78 தட்டு சொரசொரப்பானது, ஊசியைத் தேய்த்துவிடும். தேய்ந்த அதே ஊசியை அப்புறம் எல்.பி-யில் வைத்தால் எல்.பி-யின் பள்ளத்தைச் செதுக்கிவிடும். ஒருமுறை செதுக்கினால் செதுக்கியதுதான். திரும்ப வராது.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதில் ஊசி மாற்ற முடியுமா? 78-க்குத் தனி ஊசி கிடைக்குமா?' என்பதுதான். புளூடூத் இருக்கிறதா, என்ன கலர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது கேள்வி, ஊசி தட்டின் மேல் எத்தனை கிராம் அழுத்துகிறது? மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் உள்ள ப்ளேயர்கள் சாதாரணமாக 2 முதல் 3.5 கிராம் வரை அழுத்தும். விலை குறைந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் 5, 6 கிராம் வரை போகும். அபூர்வமாக ஒருமுறை கேட்டால் பெரிய சேதம் இல்லை. ஒரே எல்.பி-யைத் தினமும் போட்டுக் கேட்பவர் என்றால் யோசிக்க வேண்டும்.

கடையில் இருப்பது மூன்று வகை

விலை வாரத்துக்கு வாரம் மாறும். நான் சொல்வது தோராயம். வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, சூட்கேஸ் ப்ளேயர். சுமார் 5,000 முதல் 8,000 ரூபாய். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும். பல மாடல்களில் மூன்று வேகமும் உண்டு. பார்க்க அழகு, தூக்கிக்கொண்டு போகலாம். குறை என்னவென்றால், பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ், சீக்கிரம் தேயும் சஃபயர் ஊசி, சின்ன ஸ்பீக்கர். 78 வேகம் இருக்கும், ஆனால் மாட்டி வருவது எல்.பி ஊசியாக இருக்கும். 78 ஊசியைத் தனியாக வாங்கி மாற்றினால்தான் அந்த மூன்றாவது வேகத்துக்கு அர்த்தம்.

இரண்டாவது வகை, ஆட்டோமேட்டிக் பெல்ட் டிரைவ். ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் இதில் பலரும் வாங்குவது. சுமார் 13,000 முதல் 18,000 ரூபாய். பட்டனை அழுத்தினால் கை தானே எழுந்து தட்டில் இறங்கும், முடிந்ததும் தானே திரும்பிவிடும். கை நடுங்கும் வயதில் இது பெரிய வசதி. ப்ரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ஊசி மட்டும் தனியாகக் கிடைக்கும். ஆனால், 33⅓, 45 மட்டும்தான். 78 ஓடாது.

மூன்றாவது வகை, டைரக்ட் டிரைவ். பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டைச் சுற்றும். ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ் போன்றவற்றில் மூன்று வேகமும் உண்டு. 78-க்கான தனி ஊசியையும் மாட்டலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இதுதான். ஆனால் விலை முப்பதாயிரத்தை ஒட்டியும் தாண்டியும் போகிறது. எடையைச் சரிபார்த்து, கையைச் சமன்செய்து கொடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

பழைய பாட்டு கேட்டால் போதும், ரெக்கார்டு என்று ஒன்றும் வீட்டில் இல்லை என்பவர்கள் இந்த மூன்றையும் வாங்க வேண்டாம். சரிகம காரவான் மாதிரி, பாட்டுகளை உள்ளேயே ஏற்றி விற்கும் பெட்டி ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. ப்ளேயர், ரெக்கார்டு வைத்திருப்பவர்களுக்கான பொருள்.

பரணில் ஒன்று கிடக்கிறதா?

விலையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா இன்னொரு விஷயம் சொன்னார். 'பழைய ப்ளேயர் ஒண்ணு பரண்ல கெடக்கு தம்பி. செட்டு இல்ல, வீட்டுக்குன்னு வெச்சிருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மெக்கானிக் ஒருத்தர் பாத்தாரு. தட்டு சுத்துது, சத்தம் வரல. தூக்கிப் போட்ருங்கன்னுட்டாரு.'

தூக்கிப் போட வேண்டாம் என்றேன். காரணம் கடற்கரைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

பழைய ப்ளேயர்கள் பலவற்றில் இருந்தது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் அந்தக் கிரிஸ்டல், ரோஷெல் உப்பு என்ற ஒருவகை உப்பில் செய்தது. உப்புக்கு ஈரம் ஆகாது. ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் இருந்தால் கிரிஸ்டல் கெட்டுப்போகும். தட்டு சுற்றும், ஊசி ஓடும், சத்தம் மட்டும் வராது. கடலும் ஆறும் சேர்கிற ஊரில் பரணில் கிடந்த ப்ளேயருக்கு இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சர்யம்.

அந்த இடத்தில் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஒன்றை மாட்டினால் பெரும்பாலும் மறுபடி பேசும். புது ப்ளேயரின் விலையில் இதற்குச் சிறு பங்குதான் ஆகும். இன்னொரு லாபமும் உண்டு. அந்தக் காலத்து ப்ளேயர்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜின் பக்கத்தில் சின்னத் திருகு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் 78 ஊசி, மறுபக்கம் திருப்பினால் எல்.பி ஊசி. இன்றைக்குப் பத்தாயிரம் கொடுத்தாலும் லேசில் கிடைக்காத வசதி, பழைய பெட்டியில் சும்மா கிடக்கிறது.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பல வருஷம் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் கரண்டில் சொருகாதீர்கள். பழைய வயரும் கெப்பாசிட்டரும் ஷாக் அடிக்கக்கூடும். மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான் சுவிட்ச். இரண்டு, மோட்டாரிலிருந்து தட்டுக்குச் சுற்றைக் கடத்தும் ரப்பர் சக்கரம் இறுகிப்போயிருக்கும். அது கடகடவென்று சத்தம் போட்டால் மாற்ற வேண்டும். மூன்று, மோட்டாருக்கும் நடுத்தண்டுக்கும் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், உறைந்து பிடித்துக்கொள்ளும்.

கப்பல்காரர்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை

தூத்துக்குடிப் பக்கம் கப்பல் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் வெளிநாட்டு ப்ளேயர் இருக்கலாம். அமெரிக்காவுக்கென்று செய்ததை இங்கே ஓட்டுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். அங்கே சுமார் 120 வோல்ட், இங்கே 230. இதற்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடலாம். ஆனால் அங்கே கரண்ட் நொடிக்கு 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏ.சி மோட்டார்கள் அந்த எண்ணை வைத்துத்தான் வேகம் பிடிக்கும். அப்படிப்பட்ட மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். பி.சுசீலா பாடினாலும் ஆண் குரல் மாதிரி கனத்துக் கேட்கும். பின்பக்கத்தில் '50/60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிறதா, மாற்றும் வசதி உண்டா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அதேபோல, சுற்றுலாத் தலங்களில் விற்கும் பளபள பித்தளைக் குழாய் கிராமபோனும் வேண்டாம். அவற்றில் பல இப்போது அலங்காரத்துக்கென்று செய்தவை. உண்மையான பழைய கிராமபோனாகவே இருந்தாலும், அதன் இரும்பு ஊசியும் கனமான தலையும் 78-க்கு மட்டும்தான் சரி. எல்.பி-யை அதில் ஒருமுறை போட்டாலே வீணாகிவிடும்.

சத்தம் எதில் வரும்?

சூட்கேஸைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்பீக்கர் தனியாக வேண்டும். வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரே போதும், 'ஆக்ஸ்' என்ற துளையில் சொருகலாம். மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது, சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கித் தருவது ப்ரீ-ஆம்ப். ப்ளேயரின் பின்னால் 'ஃபோனோ / லைன்' என்று சுவிட்ச் இருந்தால் ப்ரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். 'லைனில்' வைத்தால் ஆக்ஸில் நேராகக் கேட்கும். ஸ்பீக்கரையும் ப்ளேயரையும் ஒரே மேஜையில் வைக்காதீர்கள், அதிர்வு ஊசிக்கு ஏறி ஊளையிடும்.

அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். மெல்லிய ஈரத் துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். லேபிளில் ஈரம் படக் கூடாது. எல்லாத் தட்டுகளையும் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எல்.பி வளையும், 78 விரிசல் விடும். உப்புக்காற்று ஊர்களில், மூடிய அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு வைப்பது நல்லது.

அப்பா கேட்பது எந்த ரெக்கார்டு?

இத்தனையும் பேசி முடித்தபின் நான் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: 'அப்பாவுக்கு முதல்ல எந்த ரெக்கார்டு போடணுமாம்?'

அவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். எந்த வீட்டு விசேஷம் என்றாலும், எந்தச் சாமி கோயில் என்றாலும், செட்டு கட்டியதும் முதலில் மங்கல இசைதான் போடுவாராம். காருகுறிச்சி, தாமிரபரணிப் பக்கத்து ஆள். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு சேர்ந்து ஊரெல்லாம் கேட்ட நாகஸ்வரம் அவருடையதுதான். அப்பா கேட்ட தட்டு, அந்தப் பதினான்கில் ஒன்று. 78.

பட்டியலைப் பார்த்துப் பத்தாயிரத்துக்கு இரண்டு வேக ப்ளேயர் ஏதாவது வாங்கியிருந்தால், இருபத்தாறு ரெக்கார்டு ஓடியிருக்கும். அவர் கேட்ட ஒன்று ஓடியிருக்காது.

அதனால் எங்கள் முடிவு இது. முதல் செலவு, பரணில் இருக்கும் பெட்டிக்குப் புதுக் கார்ட்ரிட்ஜ், இரண்டு ஊசி, மெக்கானிக் கூலி. மீதிப் பணம் அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் சேர்ந்ததும், இ.பி-க்கும் எல்.பி-க்கும் ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பழைய பெட்டி சரியாகவே வரவில்லையென்றால், மூன்று வேக சூட்கேஸும் தனி 78 ஊசியும். அதில் எல்.பி-க்களை மட்டும் போட வேண்டாம். இதை எழுதும்போது ப்ளேயர் தூத்துக்குடியில் ஒரு மெக்கானிக்கிடம் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் சென்னையிலிருந்து வர வேண்டும்.

நோட்டும் பேனாவும்

ப்ளேயர் எதுவானாலும், ரெக்கார்டு ஓடும்போது பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். லேபிளில் இருக்கும் பாடகர் பெயர், கம்பெனி பெயர், எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். அதே நேரத்தில் ஒலியைக் கணினியிலோ போனிலோ பதிவுசெய்துகொள்ளுங்கள். அரக்குத் தட்டு ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது. பெங்களூரின் ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் பழைய 78-களை இப்படி டிஜிட்டலாக்கி இணையத்தில் கேட்கத் தந்திருக்கிறது. சினிமாப் பாட்டு எங்காவது கிடைத்துவிடும். சின்னக் கம்பெனிகள் போட்ட நாடகம், கீர்த்தனை, மாதா பாட்டு போன்றவை உங்கள் வீட்டில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

எழுத வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இந்த ரெக்கார்டு எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது, எந்தத் திருவிழாவில் ஓடியது, மறுபடி போடச் சொல்லி யார் கேட்டார்கள் என்பதெல்லாம் லேபிளில் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அதற்கு ப்ளேயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்குச் சாயங்காலமே தொடங்கலாம்.